கை தூக்கியவர்கள்

"நம்ம சம்பளத்துல கொஞ்சம் குறைச்சுக்கிட்டா, புதுசா சேர்ந்த பைலட்டுகள்ல ஒருத்தர்கூட வீட்டுக்குப் போக வேண்டாம். சம்மதம்னா கை தூக்குங்க" என்றார் சங்கத் தலைவர்.

சம்பளம் குறையப்போகிற மூத்த கேப்டன்களுக்கு மட்டும்தான் ஓட்டு. கைகள் மளமளவென்று எழுந்தன. முதலில் எழுந்தது நம் கேப்டனுடைய கை. இரண்டு கையையும் தூக்கச் சொல்லியிருந்தாலும் தூக்கியிருப்பார்.

காரணம், பின்னால் சுவரோரம் நின்றிருந்த அவருடைய கோ-பைலட். ஆட்குறைப்பு என்று வந்தால் கடைசியாகச் சேர்ந்தவர்தான் முதலில் வெளியே போக வேண்டும், அதுதான் சீனியாரிட்டி. கடைசியாகச் சேர்ந்தவன் அவன்தான். கைக்குழந்தைக்காரன் வேறு. "நான் இருக்கேன் தம்பி, கவலைப்படாதே" என்று காலையில்தான் விமானத்தில் வாக்குக் கொடுத்திருந்தார்.

கை தூக்காமல் உட்கார்ந்திருந்தவர் ஒருவர்தான். கேப்டனுக்குப் பக்கத்து நாற்காலிக்காரர். சிடுமூஞ்சி என்றால்தான் எல்லோருக்கும் தெரியும்.

"சம்பள விஷயத்துக்குச் சீட்டுலதான் ஓட்டுப் போடணும். சங்க விதி" என்றார் அவர்.

மறைவாகக் கழுத்தறுக்கத்தான் சீட்டுக் கேட்கிறார் என்று பின்னாலிருந்து யாரோ முணுமுணுத்தார்கள். கேப்டனுக்கும் பற்றிக்கொண்டு வந்தது. மனுஷனா இவன்?

சீட்டு வந்தது. சிடுமூஞ்சி மறைக்கக்கூட இல்லை. 'சம்மதம்' கட்டத்தில் பட்டென்று டிக் அடித்து, மடித்தார்.

கேப்டனுக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. இந்த ஆளே சம்மதித்துவிட்டால், தீர்மானம் நிறைவேறிய மாதிரிதான். பையனுக்கு ஆபத்தில்லை. ஆனால் இதையே வழக்கமாக்கி அடிக்கடி சம்பளத்தில் கை வைத்துவிடக் கூடாதே. எதிர்ப்பு என்று ஒன்றாவது பதிவாகட்டும். ஒரு ஓட்டால் என்ன ஆகிவிடப்போகிறது?

உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு 'சம்மதமில்லை'யில் டிக் அடித்தார்.

தலைவர் சீட்டுகளை எண்ணினார். நம்பாமல் மறுபடியும் எண்ணினார்.

"தீர்மானம் தோத்துப்போச்சு. சம்மதம்னு ஒரே ஒரு ஓட்டுதான் விழுந்திருக்கு."

யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. நாற்காலிகள் இழுபடும் சத்தம் மட்டும் கேட்டது.

கோ-பைலட் நேராகக் கேப்டனிடம் வந்தான். கண் கலங்கியிருந்தது. அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

"வேலை போனா போகுது சார். அந்த ஒரு ஓட்டு உங்களுதுன்னு எனக்குத் தெரியும். சாகுற வரைக்கும் மறக்க மாட்டேன்."

கேப்டன் முகத்தில் ஈயாடவில்லை. இல்லை என்று சொல்ல வாயெடுத்தார். மெல்லப் பக்கத்து நாற்காலியைத் திரும்பிப் பார்த்தார்.

சிடுமூஞ்சி எழுந்து தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டார்.

"ஆமாப்பா, அவர்தான் போட்டார். பக்கத்துலதானே இருந்தேன், பார்த்தேன்" என்று சொல்லிவிட்டு நடந்தார்.