ரமிரோவை விற்றவள்

"உனக்கு ரொட்டி கிடையாது" என்றாள் சொராய்தா.

அவள் ரொட்டிக்கடையின் கண்ணாடிப் பெட்டிக்குள் ரொட்டி ஆவி பறக்க அடுக்கியிருந்தது.

"இவ்வளவு இருக்கே?" என்றாள் நெரெய்தா.

"அதெல்லாம் மனுஷங்களுக்கு. ரமிரோவை வித்தவளுக்கு இல்ல."

காப்பிக் கோப்பையோடு நின்ற கூட்டம் கைதட்டியது.

புவெர்ட்டோ ரிக்கோவில், மலைமேல் இருக்கிறது சாந்தா இனேஸ். மாதா கோயில் கூரை ஒழுகும். காப்பித் தோட்டத்தைப் புயல் கொண்டுபோனது. பெருமை என்று ஊருக்கு மிஞ்சியது கூடைப்பந்து டீம் ஒன்றுதான். டீம் என்றால் ரமிரோ. பதினாறு வருடமாக அவன்தான் ராஜா.

அந்த ராஜாவைத்தான், ஆணிக் கடையோடு டீமையும் சேர்த்து நடத்தும் நெரெய்தா, பரம எதிரியான கடற்கரை ஊருக்குத் தாரைவார்த்திருந்தாள். பதிலுக்கு வாங்கி வந்தது ஜோமார், யாதியெல் என்று இரண்டு பொடியன்களை. எதிராளியை மறிப்பது ஒன்றுதான் அவர்களுக்குத் தெரியும். கூடையைப் பார்த்துப் பந்தைப் போட்டால் அது பக்கத்துத் தெருவில் போய் விழும்.

"ஏண்டி, கன்னியாஸ்திரீ பள்ளிக்கூடத்துல நாம ஒரே பெஞ்சு. சிஸ்டர் சொல்லித் தந்த பாவத்துல இது எத்தனையாவது?"

நெரெய்தா ரொட்டிக்கான சில்லறையை எண்ணி வைத்தாள். பதிலுக்குத் திட்டினால் சண்டையாவது போடலாம். சொராய்தாவுக்கு இன்னும் எரிந்தது.

"சரி, பந்தயம்! அடுத்த மாசம் ரமிரோ அந்தப் பயலுக டீமோட இங்க வர்றான். நாம தோத்தா, நீ டீமை வேற யார்கிட்டயாவது குடுத்துட்டு ஆணி மட்டும் வித்துக்கிட்டு இரு."

"ஜெயிச்சா?"

"ஜெயிச்சா ஆயுசுக்கும் உனக்கு ரொட்டி ஓசி!"

"சரி" என்று வெறுங்கையோடு போனாள் நெரெய்தா.

அதன்பிறகு ஒரு மாதம் அவள் தலை தெரிந்தால் போதும், ஏச்சுதான். ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

ஆட்டத்தன்று அரங்கம் பிதுங்கியது. மேளம், ஊதல், வீட்டிலிருந்து தூக்கி வந்த சட்டிகள். ரமிரோ எதிரணிச் சட்டையில் உள்ளே வந்ததும் மொத்த ஊரும் எழுந்து நின்றது. சொராய்தா மூக்கைச் சிந்தினாள். அவனைப் பாதி நேரம் உட்காரவைத்த எதிரணிக் கோச்சுக்கும் சேர்த்து வசவு விழுந்தது.

ஆனால் அவன் இறங்கி ஆடியபோதெல்லாம், எந்தப் பக்கம் திரும்பினாலும் ஜோமார் நின்றான். ஜோமாரைத் தாண்டினால் யாதியெல். அட்டை மாதிரி ஒட்டிக்கொண்டார்கள்.

கடைசி நிமிடம். சாந்தா இனேஸ் ஒரே ஒரு புள்ளி முன்னால். பந்து ரமிரோ கையில்.

"அமுக்குடா அவனை! விடாதே!"

கத்தியது சொராய்தா. கத்திவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். நல்லவேளை, யாரும் கவனிக்கவில்லை. எல்லோரும் அதையேதான் கத்திக்கொண்டிருந்தார்கள்.

ரமிரோ எம்பினான். நான்கு கைகள் கூடவே எம்பின. பந்து வளையத்தைக்கூடத் தொடவில்லை. ஆட்டம் முடிந்தது.

மேளச் சத்தத்தில் கூரை பறந்தது. சொராய்தா ஆளை இடித்துத் தள்ளிக்கொண்டு ரமிரோவிடம் ஓடினாள்.

"வேணும்னேதானேடா விட்டே? உன்னை வித்தவளுக்கா விட்டுக்குடுக்கறது?"

"நான் எங்க விட்டேன், டோன்யா? அவனுங்க ரெண்டு பேரும் விடலையே!" பெரிய பெண்களை ஊர் வழக்கப்படி மரியாதையாக டோன்யா என்று கூப்பிடும் ரமிரோ, மூச்சு வாங்கச் சிரித்தான். "போன வருஷமும் விடலை. இந்த லீக்ல என்னை நிறுத்தினது அவனுங்க மட்டும்தான். அதனாலதான் அவனுங்களையே கேட்டு வாங்குங்கன்னு டோன்யா நெரெய்தாகிட்ட சொன்னேன்."

"நீ சொன்னியா?"

"என்னை அனுப்பிடுங்கன்னு கேட்டதும் நான்தான். என் முட்டி உட்காரச் சொல்லி ரெண்டு வருஷமாச்சு. இங்க என்னைப் பெஞ்சுல உட்கார வெச்சா நீங்க சும்மா விடுவீங்களா?"

சொராய்தா விட்டிருக்க மாட்டாள். அது அவளுக்கே தெரியும்.

"இதை எங்ககிட்ட நேரா சொல்றதுக்கென்ன?"

"சொன்னா அழுதே நிறுத்தியிருப்பீங்க. மீறிப் போனா துரோகின்னுவீங்க. 'வித்தது நானாவே இருக்கட்டும், திட்டெல்லாம் எனக்கு வரட்டும், ஊர்ல உன் பேரு அப்படியே இருக்கட்டும்'னு டோன்யா நெரெய்தாதான் சொன்னாங்க."

சொராய்தா திரும்பிப் பார்த்தாள். மேல் வரிசையில் தனியாக உட்கார்ந்து, நெரெய்தா காப்பியில் காய்ந்த பிஸ்கட்டைத் தோய்த்துக்கொண்டிருந்தாள். ஒரு மாதமாக அதுதான் போலிருக்கிறது.

ரமிரோ குனிந்து சொராய்தாவின் காதில் சொன்னான்: "எல்லாத்துக்கும் தயாராத்தான் இருந்தாங்க. நீங்க ரொட்டியை நிறுத்துவீங்கன்னு மட்டும் எதிர்பார்க்கலையாம்!"