பாதியில் எழுந்து போனவர்

"பிரசங்கம் ஆரம்பிச்சதும் எழுந்து வெளியே போற ஆளுக்குச் சபைச் செயலர் பதவி ஒரு கேடா?"

போதகரின் அறையில் நாற்காலி நுனியில் உட்கார்ந்து பொரிந்தவர் பொருளாளர். செயலர் தேர்தலில் அவரும் நிற்கிறார். எதிர்த்து நிற்பவர் பல் டாக்டர்.

"அவசரமா பேஷண்ட் யாராவது கூப்பிடுவாங்களோ என்னவோ," என்றார் போதகர்.

"வாராவாரம், நீங்க வாயைத் திறக்கறப்பதான் ஊர்ல எல்லாருக்கும் பல் வலிக்குமா ஐயா?"

போதகருக்குச் சுருக்கென்றது.

"வெளியே நின்னு போன்ல ஓட்டு கேக்கறாராம். பிரசங்கத்துக்கு உட்காராத ஆளு தேர்தல்ல நிக்கக் கூடாதுன்னு நம்ம சபைச் சட்டத்துலயே இருக்கு. பேரை நீக்கிடுங்க. அவ்வளவுதான்."

"சரி. இந்த ஞாயிறும் எழுந்து போனா நீக்கிடறேன்."

சொல்லிவிட்டாரே தவிர, அன்றிலிருந்து அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. தன் பிரசங்கம் அவ்வளவு அறுவையா? மனைவியிடமே கேட்டுவிட்டார்.

"நல்லாத்தான் இருக்கு. கொஞ்சம் நீளம்," என்றாள் அவள். அது வேறு மண்டைக்குள் குடைந்துகொண்டே இருந்தது.

ஞாயிறும் வந்தது. அன்று சுற்றுச்சூழல் ஞாயிறு.

அந்தச் சபையில் ஒரு வழக்கம். பாட்டு முடியும்வரை ஜன்னல்கள் திறந்திருக்கும். பிரசங்கம் தொடங்கியதும் எல்லாவற்றையும் சாத்திவிட்டு ஏசி போடுவார்கள். ஏசிக்கு மின்சார லைன் தாங்காது என்பதால், அதற்கென்றே பொருளாளர் ஒரு ஜெனரேட்டர் வாங்கிக் கொடுத்திருந்தார். குளிர் வந்த பிறகு சபையில் யாரும் விசிறிக்கொள்வதில்லை. போதகருக்கும் அதில் ஒரு பெருமை.

ஜன்னல்கள் சாத்தப்பட்டன. பின்கட்டில் ஜெனரேட்டர் உறுமியது.

"நாம் சுவாசிக்கும் காற்று, கடவுள் எல்லோருக்கும் பொதுவாகத் தந்தது," என்று போதகர் ஆரம்பித்தார்.

பல் டாக்டர் எழுந்தார். குனிந்தபடியே பக்கவாட்டுக் கதவைத் திறந்துகொண்டு போய்விட்டார்.

முன் வரிசையில் இருந்த பொருளாளர் போதகரைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். 'பார்த்தீங்களா?'

போதகர் காற்றைப் பற்றிச் சொன்னதையே திரும்பவும் சொன்னார். அடுத்து என்ன சொல்ல வந்தோம் என்பது சுத்தமாக மறந்துபோயிருந்தது. கோபமா, அவமானமா என்று அவருக்கே தெரியவில்லை.

"எல்லாரும் கண்களை மூடி, சத்தமில்லாமல் ஜெபிப்போம்," என்றார்.

சபை கண்களை மூடியது. ஊழியத்துக்கு வந்த நாளிலிருந்து முதல் தடவையாக, ஆட்களை ஜெபத்தில் விட்டுவிட்டு வேவு பார்க்கக் கிளம்பினார் போதகர். அங்கி காலில் தட்டாமல் இருக்க அதை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டார்.

பின்கட்டில் பல் டாக்டர் நின்றிருந்தார். கையில் போன் இல்லை. போன வருஷத்துச் சுற்றுச்சூழல் ஞாயிறு விளம்பரப் பலகை இருந்தது. அதை ஜெனரேட்டரின் புகைக்குழாய்க்கு எதிரே இரண்டு கையாலும் சாய்த்துப் பிடித்திருந்தார். புகை அதில் மோதி மேலே போனது. பாதி அவர் முகத்துக்கே வந்தது.

சுவருக்கு அந்தப் பக்கம் ஓர் ஒற்றை அறை வீடு. அதற்கு இருந்த ஒரே ஜன்னலில் ஒரு குழந்தையும் அம்மாவும் தெரிந்தார்கள்.

போதகரைக் கண்டதும் டாக்டர் திடுக்கிட்டார்.

"ஐயா! அதுக்குள்ள பிரசங்கம் முடிஞ்சிருச்சா? அப்ப ஜெனரேட்டரை நிறுத்திடலாமா?"

"என்ன டாக்டர் இது?"

"குழந்தைக்கு இழுப்பு ஐயா. ஞாயித்துக்கிழமை வந்தாலே ஜாஸ்தியாயிடுதாம். அந்தம்மா பல் பிடுங்க வந்தப்ப சொன்னாங்க. கோயில்காரங்க மேல புகார் சொல்லப் பயந்துகிட்டு இருந்திருக்காங்க."

"நீங்களாவது என்கிட்ட சொல்லியிருக்கலாமே?"

"சொல்லத்தான் இருந்தேன். அதுக்குள்ள தேர்தலை அறிவிச்சுட்டாங்க. ஜெனரேட்டர் பொருளாளர் கொடுத்தது. இப்ப வாயைத் திறந்தா, ஓட்டுக்காக அவரைக் கவுக்கப் பாக்கறேன்னுதான் பேச்சு வரும். பேசாம தேர்தல் முடியட்டும்னு…" டாக்டருக்கு இருமல் வந்துவிட்டது.

"அதுவரைக்கும்?"

"அதுவரைக்கும் இப்படிப் பிடிச்சுக்கறேன். உங்க பிரசங்கம் நீளும்போதுதான் ஐயா, கொஞ்சம் கை கடுக்குது."

போதகர் நேரே போய் ஜெனரேட்டரை நிறுத்தினார்.

"ஐயா, உள்ள எல்லாருக்கும் வேர்க்குமே!"

"வேர்க்கட்டும். முகத்தைக் கழுவிட்டு உள்ள வாங்க."

சபை இன்னும் கண்ணை மூடித்தான் இருந்தது. சிலர் நிஜமாகவே தூங்கிப்போயிருந்தார்கள். போதகர் அங்கியோடு போய் ஒவ்வொரு ஜன்னலாகத் திறந்தார்.

"பின்பக்கத்து வீட்டுல ஒரு குழந்தைக்கு நம்ம புகையால மூச்சு முட்டுது. இது தெரியாமலேயே நான் வாராவாரம் பேசிக்கிட்டு இருந்திருக்கேன். இனிமே ஜெனரேட்டர் ஓடாது," என்றார். விட்ட இடத்திலிருந்து பிரசங்கத்தைத் தொடர்ந்தார்.

பல் டாக்டர் வந்து தன் மனைவி பக்கத்தில் உட்கார்ந்தார். காதோரத்தில் கரி இன்னும் போகவில்லை. சட்டை வியர்வையில் தெப்பலாக நனைந்தும் அசையாமல் கேட்டார்.

கொஞ்ச நேரத்தில் முன் வரிசையிலிருந்து ஒருவர் எழுந்து, கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தபடி வெளியே போனார். திறந்த ஜன்னல் வழியே ஒரு கார் ஸ்டார்ட் ஆகும் சத்தம் கேட்டது. கார் எங்கேயும் போகவில்லை. நின்ற இடத்திலேயே இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது.

காருக்குள்ளே ஏசியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார் பொருளாளர்.