நடுக்கோடு

“இந்த மனுவுலயும் உங்க கையெழுத்து, அந்த மனுவுலயும் உங்க கையெழுத்து. எதைப் பெரியவரே நான் நம்பறது?”

எல்லை வரையறை அதிகாரி இரண்டு தாள்களையும் தூக்கிக் காட்டியதும் கூட்டம் சிரித்தது. கடைசி வரிசையிலிருந்து ஒருவர் எழுந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, சவரம் செய்த முகம். ஏதோ நேர்முகத் தேர்வுக்கு வந்தவர் போலிருந்தார்.

“ரெண்டும் நான் போட்டதுதான் சார்.”

வார்டு எல்லைகளைத் திருத்துவதற்கான கருத்துக் கேட்புக் கூட்டம் அது. ஒன்பதாம் வார்டுக்கும் பத்தாம் வார்டுக்கும் நடுவே ஓடும் கடைத்தெருதான் அன்றைய தகராறு. பழைய வரைபடத்தில் எல்லைக்கோடு சாலையின் நட்டநடுவில் போனது. சாலை முழுவதும் எங்களுக்கே வேண்டும் என்று மேற்குப் பக்கத்தார் ஒரு மனுவும், கிழக்குப் பக்கத்தார் ஒரு மனுவும் கொடுத்திருந்தார்கள்.

“இவரு யாருன்னே எங்களுக்குத் தெரியாது சார்” என்றார் மேற்குப் பக்கத்து மருந்துக்கடைக்காரர். “கையெழுத்து வாங்கிட்டிருந்தப்ப தானா வந்து போட்டாரு. தலை கூடுதேன்னு விட்டுட்டோம்.”

“எங்ககிட்டயும் அப்படித்தான்” என்றார் கிழக்குப் பக்கத்து சலவைக்கடை அம்மாள். “நம்ம ஆளுன்னு நெனச்சு டீ வேற வாங்கிக் குடுத்தேன். அதை யாரு திருப்பித் தருவா?”

மறுபடி சிரிப்பு. மருந்துக்கடைக்காரர் விடவில்லை.

“போன வாரம் என் கடைக்கு நேரா நடுரோட்டுல மண்டி போட்டு அளந்துட்டிருந்தாரு சார். பின்னால ஆட்டோக்காரன் ஹாரன் அடிச்சே ஓஞ்சுட்டான். இது இடம் புரோக்கர் வேலைதான். எந்தப் பக்கம் விலை ஏறும்னு பாக்கறாரு.”

“தையல் டேப்பை வெச்சு அளக்கற புரோக்கரா? ரோட்டுக்குச் சட்டை தைக்கப் போறாரு போல!” என்றார் சலவைக்கடை அம்மாள்.

வெள்ளைச் சட்டைக்காரரும் லேசாகப் புன்னகைக்கப் பார்த்தார். வரவில்லை.

“நான் தையக்காரன்தாம்மா” என்றார்.

“வீடு எந்தப் பக்கம்?” என்று அதிகாரி கேட்டார்.

“இங்க இல்ல சார். ரெண்டு பஸ் மாறி வரணும்.”

“கடை?”

“அதுவும் அங்கதான்.”

“ஓட்டு?”

“அங்கதான் சார்.”

“இடம் கிடம் வாங்கிப் போட்டிருக்கீங்களா?”

“ஒரு சாண் கூட இல்ல.”

“வீடு இல்ல, கடை இல்ல, ஓட்டு இல்ல. அப்ப எந்தக் கவுன்சிலர் உங்களை அனுப்பிவெச்சாரு?”

“யாரும் அனுப்பல சார். ரெண்டு வார்டு கவுன்சிலர் வாசல்லயும் நின்னு பாத்துட்டேன்.” தையற்காரர் முன்னால் வந்து, சுவரில் குத்தியிருந்த வரைபடத்தைப் பார்த்தார். அருகில் நின்ற சர்வேயரிடம் மெதுவாகக் கேட்டார். “தம்பி, இந்தக் கோட்டுக்கு அகலம் எவ்வளவு?”

“கோட்டுக்கு ஏதுங்க அகலம்? பேனா முனை தடிமன்தான்.”

“அப்ப கோட்டு மேலயே இருக்கறது எந்தப் பக்கத்துல சேரும்?”

“கோட்டு மேல என்ன இருக்கப் போகுது?”

“மாடு படுத்திருக்கும்!” என்று பின்னாலிருந்து ஒரு குரல். கூரை அதிர்ந்தது. அதிகாரி மேசையைத் தட்டி அமைதிப்படுத்தினார்.

“கடைசியா என்னதான் சொல்றீங்க? ரோடு யாருக்குப் போகணும்?”

“யாருக்குப் போனாலும் சரி சார். நடுவுல மட்டும் விட்டுறாதீங்க.”

அதிகாரி உதட்டைப் பிதுக்கினார். சர்வேயரும் அவரும் குனிந்து ஐந்து நிமிடம் பேசினார்கள். பிறகு அதிகாரி எழுந்து படித்தார். இரண்டு மனுக்களும் தள்ளுபடி. கோடு இப்போது இருப்பதுபோலவே சாலையின் நடுவில் போகும். அடுத்த திருத்தம் பத்தாண்டு கழித்து.

அரங்கில் நிம்மதிப் பெருமூச்சு எழுந்தது. சாலை எதிராளிக்குப் போய்விடக் கூடாது என்பதுதான் இரு தரப்புக்கும் இருந்த ஒரே கவலை.

“உங்களுக்கும் இல்ல, எங்களுக்கும் இல்ல. வாங்கக்கா, டீ சாப்பிடலாம்” என்றார் மருந்துக்கடைக்காரர்.

“இன்னைக்கு உங்க கணக்கு” என்றார் அந்த அம்மாள்.

நாற்காலிகள் தரையில் இழுபட்டன. தையற்காரர் மட்டும் வரைபடத்தை விட்டு நகரவில்லை. அதிகாரி கோப்புகளைக் கட்டிக்கொண்டிருந்த மேசையருகே வந்து இரண்டு கைகளையும் அதன்மேல் ஊன்றிக்கொண்டார்.

“சார், ஒரு சாண் தள்ளிப் போடுங்க. இந்தப் பக்கமோ, அந்தப் பக்கமோ. மூணு தடவை அளந்து பாத்துட்டேன், எப்படி அளந்தாலும் அந்த இடம் சரியா நடுவுலயே வருது.”

“கூட்டம் முடிஞ்சுபோச்சு பெரியவரே. உங்களுக்கு அப்படி என்ன இதுல?”

“பதினோரு மாசமா ரெண்டு வார்டு ஆபீஸுக்கும் நடக்கறேன் சார். இவங்க ‘எங்க எல்லையில இல்ல, அங்க போ’ங்கறாங்க. அங்க போனா அவங்களும் அதையே சொல்றாங்க. பாரத்துல வார்டு எண் இல்லாம பதிய மாட்டாங்களாம். மத்த கட்டமெல்லாம் நானே எழுதிட்டேன்.”

அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “எதைப் பதியணும்? கடையா, வண்டியா?”

“என் பொண்ணு செத்ததை, சார்.”