அடைய வந்த கோழி

“அது எங்க கோழி இல்லீங்கம்மா. பக்கத்து வீட்டுது. கதவு திறந்திருந்தா இப்படித்தான் உள்ள வந்துடும்” என்றார் வெல்டர். சொல்லும்போதே காது மடல் சூடாகிவிட்டது.

எதிரே உட்கார்ந்திருந்தவர் கிறிஸ்தவ மிஷன் குழுவிலிருந்து வந்த அம்மாள். வெளிநாட்டு ஊழியத்துக்கு ஆள் எடுக்கும் பொறுப்பு அவரிடம்தான். வந்ததும் வராததுமாகப் பின்வாசலுக்குப் போய் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் நாற்காலியில் உட்கார்ந்தார்.

“பின்னாடி கூண்டு காலியாக் கிடக்கே?” என்று அப்போதே கேட்டார்.

“பழைய சாமான் போட வச்சிருக்கோங்க.”

ஊழியத்துக்குப் போகிறவன் எல்லாவற்றையும் விட வேண்டும். கோழியைக் கட்டிக்கொண்டு அழுகிறவனா கடல் தாண்டப் போகிறான் என்று அம்மாள் நினைத்துவிட்டால்? அதற்குப் பயந்துதான் காலையிலேயே கோழிகளை எல்லாம் அடுத்த தெருத் தையல்காரரிடம் கொடுத்திருந்தார். கொடுத்துவிட்டுப் பட்டறைக்குப் போய், வெல்டிங் முகமூடியை மாட்டிக்கொண்டு அழுதது தனிக்கதை.

அவசரத்தில் மனுஷன் தையல்காரரிடம் ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டார். புது இடத்தில் சில நாள் அடைத்து வைக்காவிட்டால், பொழுது சாய்ந்ததும் கோழி பழைய வீட்டுக்குத்தான் அடைய வரும்.

அப்படி முதலில் உள்ளே வந்தது வாயாடி என்ற கோழி. குஞ்சாக இருந்தபோது அவருடைய சட்டைப்பையிலேயே வளர்ந்தது. நேராக வந்து மடியில் ஏறி உட்கார்ந்து, அன்றைக்குப் பட்ட பாட்டையெல்லாம் கொக்கொக்கென்று அவரிடம் முறையிட ஆரம்பித்தது.

“உங்களை நல்லாத் தெரியும் போலிருக்கே?” என்றார் அம்மாள்.

“யார் மடியா இருந்தாலும் ஏறுங்க. மானங்கெட்ட கோழி.”

சமையலறை வாசலில் நின்ற மனைவி அவரையே பார்த்தாள். அவர் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

“அப்போ கோழி வளக்கிறதுல உங்களுக்கு ஆசை இல்லையா, தம்பி?”

“சேச்சே! கோழின்னாலே எனக்கு ஆகாதுங்க. ஒரே நாத்தம்.”

சொன்ன கையோடு வாயாடியை மடியிலிருந்து தள்ளிவிட்டார். அது தரையில் விழுந்து, சிறகை உதறிக்கொண்டு, மறுபடியும் அவர் காலடியிலேயே வந்து நின்றது. கோபித்துக்கொண்டு போயிருந்தால்கூடத் தேவலை. அவருக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

“ஏங்க, போதும்” என்றாள் மனைவி மெதுவாக.

போதும் என்று அவருக்கும் தெரியும். ஆனால் இத்தனை வருஷம் ஜெபித்துக் காத்திருந்த ஊழியம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. துடைப்பத்தை எடுத்து, “சூ! போ!” என்று தரையில் ஓங்கி அடித்தார். வாயாடி அலறிக்கொண்டு வாசலைத் தாண்டி ஓடியது. அது அவரைப் பார்த்துப் பயந்து அவர் பார்த்ததே இல்லை. துடைப்பத்தை எங்கே வைப்பது என்றுகூடத் தெரியாமல் நின்றார்.

அம்மாள் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். “மன்னிச்சுக்கங்க தம்பி. உங்களைப் பத்தி எங்களுக்குத் தப்பாச் சொல்லிட்டாங்க.”

“என்னங்கம்மா சொன்னாங்க?”

“கோழியைப் பிள்ளை மாதிரி வளக்கிறவர்னு. அங்க ஜனங்களுக்குக் கோழி வளக்கக் கத்துக்குடுக்கத்தான் ஆள் தேடுறோம்.”