பேர் சொல்லாத ஜெபம்

“ஜெபத்துல பேரு சொல்லலக்கா. ஒரு மகள்னுதான் சொன்னேன்.”

லீதியாள் பாயை உதறி விரித்தாள். வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம் எப்போதும் அவள் வீட்டு முன்னறையில்தான்.

“வேற என்ன சொன்ன?”

“வலிப்புக்கு மாத்திர சாப்பிடுத ஒரு மகள். கல்யாணம் தெகஞ்சிருக்கு. தடையில்லாம நடத்தித் தாரும் ஆண்டவரேன்னு. அவ்வளவுதான்.”

“நம்ம கூட்டத்துல கல்யாணம் தெகஞ்ச பிள்ள எத்தன இருக்கு, லீதியா?”

லீதியாள் பாயின் சுருண்ட மூலையைக் காலால் நீவிவிட்டாள்.

“நான் ஆண்டவர்கிட்டதானக்கா சொன்னேன்.”

“சத்தமா சொன்ன.”



கேட்டவள் சுவரோரமாகப் போய் உட்கார்ந்தாள்.

அவள் மகள் கெசியாவுக்கு முதல் வலிப்பு வந்தது பதினேழு வயதில். இப்போது இருபத்துநான்கு. கடைசியாக வந்து நாலு வருடம் ஆகிறது. மாத்திரை மட்டும் நிற்கவில்லை.

திசையன்விளையிலிருந்து பெண் பார்க்க வந்தவர்களிடம் பெற்றவள் இதைச் சொல்லவில்லை. அவர்கள் கேட்கவும் இல்லை. கேட்காததைச் சொல்லாமல் இருப்பது பொய்யாகாது என்று வேதப்புத்தகத்தில் ஒரு வசனம் தேடினாள்.

கிடைக்கவில்லை.

இருந்தும் அப்படி ஒன்று இருக்கும் என்று நம்பினாள்.

லீதியாளிடம் மட்டும் சொன்னாள். ஜெபிக்கத்தான்.

வருகிற ஞாயிறு கோயிலில் கல்யாண ஓலை வாசிப்பார்கள். மாப்பிள்ளை பேர், பெண் பேர், இரு வீட்டார் பேர். பிறகு போதகர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, இந்தத் திருமணத்துக்குத் தடை அறிந்தவர்கள் தெரிவிக்கலாம் என்பார். இருபத்தெட்டு வருடமாக அந்த வார்த்தைகளைக் கேட்டிருக்கிறாள். ஒருமுறைகூட யாரும் எழுந்ததில்லை.

நேற்று மாப்பிள்ளையின் அம்மா போனில் புடவைக் கலரைப் பற்றித்தான் பேசினாள். வைக்கப்போகிற நேரத்தில் கேட்டாள்.

“பிள்ள ராத்திரி நல்லா தூங்குதாளா?”

தூக்கத்தைப் பற்றி யார் கேட்பார்கள்?

பெண்கள் வரத் தொடங்கினார்கள். ஸ்தோத்திரம்க்கா. ஸ்தோத்திரம்.

ஒருத்தி கையைப் பிடித்தாள். விடுவதற்குக் கொஞ்சம் கூடுதல் நேரம் எடுத்துக்கொண்டாள்.

ஒருத்தி, “கெசியா எப்படியிருக்கா?” என்றாள்.

ஒருத்தி கெசியாவைப் பற்றிக் கேட்கவே இல்லை. அவளைத்தான் இவள் அதிகம் சந்தேகப்பட்டாள்.

பாட்டு முடிந்தது. தலைகள் குனிந்தன. லீதியாள் ஆரம்பித்தாள்.

கெசியாவின் அம்மா கண்ணை மூடவில்லை.

லீதியாளோடு ஏழு பேர். கண் மூடிய ஏழு முகங்கள். ஒன்றும் கெட்ட முகம் இல்லை. அதுதான் பயமாக இருந்தது. அவள் புருஷன் ஆஸ்பத்திரியில் கிடந்த இருபது நாளும் சோறு கொண்டுவந்தது செலின். அந்தச் சோற்றுக்குக் குழம்பு வைத்தது பக்கத்தில் இருப்பவள். கேட்காமலே செய்தார்கள். நாளைக்கும் செய்வார்கள்.

செலினின் தங்கையைக் கட்டிக்கொடுத்திருப்பது திசையன்விளையில்.

இது ஏன் இவ்வளவு நேரம் தோன்றவில்லை?

போன கிறிஸ்துமஸுக்கு முன்னால், இதே பாயில், இதே இடத்தில், இவள் ஜெபித்தாள். தாலியைக் கழற்றி வைத்துவிட்டுப் போன ஒரு மருமகளைத் திருப்பிக் கொண்டுவாரும் ஆண்டவரே. அந்த மாமியாரின் கண்ணீரைத் துடையும்.

இவளும் பேர் சொல்லவில்லை.

அந்த மாமியார், செலின், அன்று வந்திருக்கவில்லை. காய்ச்சல்.

அழுதுகொண்டேதான் ஜெபித்தாள். அந்தக் கண்ணீரில் பொய் இல்லை. ஆனால் தாலி என்ற சொல் வந்ததும் அறை முழுக்க மூச்சு நின்றதே, அதையும் கேட்டாள். கேட்டுவிட்டு ஜெபத்தை இன்னும் இரண்டு வாக்கியம் நீட்டினாள்.

அந்த இரண்டு வாக்கியங்கள் யாருக்கு என்று இன்றுவரை அவள் யோசித்ததில்லை.

நிமிர்ந்தாள்.

செலினின் கண்கள் திறந்திருந்தன.

இவளையே பார்த்துக்கொண்டிருந்தன. எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை. கோபம் இல்லை. கேலியும் இல்லை. ஒருவர் வீட்டுக்குள் போய்ப் பார்த்துவிட்டு வந்தவள் போன்ற பார்வை.

முதலில் கண்ணை மூடிக்கொண்டது இவள்தான்.

வாசலில் செருப்புச் சத்தம்.

“அம்மா.”

கெசியா. ஓடி வந்திருக்கிறாள். நெற்றியில் முடி ஒட்டிக் கிடந்தது. கையில் போன், வாய் வைத்துப் பேசும் இடத்தை உள்ளங்கையால் அழுத்தி மூடியிருந்தாள்.

அம்மா எழுந்து நிலைப்படிக்குப் போனாள். வெளியே தள்ளிக்கொண்டு போகப் பார்த்தாள். கெசியா நகரவில்லை.

“அவுக அம்மா. லைன்ல இருக்காக.”

“அப்புறம் பேசுதேன்னு சொல்லுடி.”

“ஒன்கிட்ட பேச வரலம்மா. மாத்திர ஏதும் சாப்பிடுதியான்னு என்கிட்ட நேராவே கேக்காக.”

முதுகுக்குப் பின்னால் ஜெபம் நின்றிருந்தது. யாரும் ஆமென் சொல்லவில்லை. ஏழு தலைகளும் குனிந்தபடியே இருந்தன. ஒரு வளையல்கூடச் சத்தம் போடவில்லை.

மகளின் விரலிடுக்கில் அந்தப் பக்கத்துக் குரல் மெல்லக் கேட்டது. அலோ, அலோ என்றது.

கெசியா குரலைத் தாழ்த்தவில்லை.

“நான் உள்ளதச் சொல்லிருதேன். நீ சரின்னு மட்டும் சொல்லும்மா.”