ஆயிரத்து ஐந்நூறு புள்ளி

“இன்னும் முப்பத்தோரு புள்ளி வேணும். இருபது நிமிஷம்தான் இருக்கு. கொஞ்சம் சும்மா இருடா கார்மைன்.”

லெஸ்டர் நோவக் மடிக்கணினியிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார். சமையலறை மேசைக்கு அடியில் அவருடைய இடது கால் தையல் மிஷினை மிதிப்பது போல ஆடிக்கொண்டிருந்தது. திரையில் ஒரே நேரத்தில் மூன்று போக்கர் சீட்டாட்ட மேசைகள். கார்மைன் வாங்கி வந்த முட்டை சாண்ட்விச் பிரிக்காமலே ஆறிப்போயிருந்தது.

கார்மைன் சும்மா இருக்கிற ஆளா? அட்லாண்டிக் சிட்டி சூதாட்ட விடுதியில் இருபத்திரண்டு வருஷம் ஆடுகிறவர்களுக்குச் சீட்டுப் பிரித்துப் போட்டு ஓய்வு பெற்றவர். ஒவ்வொரு ஆட்டத்திலும் நடுவில் சேரும் பணத்திலிருந்து முதலாளியின் கமிஷனை எடுத்து, மேசையில் இருக்கும் ஓட்டைக்குள் தள்ளிய கை அவருடையது. இப்போது அதைக் கம்ப்யூட்டர் செய்கிறது, அவ்வளவுதான். ஆனால் இந்த ஆன்லைன் கம்பெனிக்காரன் பலே கில்லாடி. எடுத்த கமிஷனில் ஒரு பங்கை வாராவாரம் ஆடினவனுக்கே திருப்பிக் கொடுத்து, அதற்கு கேஷ்பேக் என்று பேரும் வைத்துவிட்டான்.

ஒரு டாலர் கமிஷன் கொடுத்தால் பத்துப் புள்ளி. வாரத்துக்கு ஆயிரத்து ஐந்நூறு புள்ளி சேர்த்தவன் முதல் படி. கமிஷனில் நூற்றுக்கு நாற்பது அவனுக்குத் திரும்பி வரும். ஒரு புள்ளி குறைந்தாலும் இரண்டாம் படிக்கு இறக்கிவிடுவார்கள். அங்கே வெறும் பதினைந்து. வாரக் கணக்கு திங்கட்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு முடியும்.

கார்மைன் காகித நாப்கினில் கணக்குப் போட்டே காட்டிவிட்டார், இன்றோடு மூன்றாவது தடவை.

“கமிஷனா நூத்தம்பது டாலரைத் தூக்கிக் கொடுத்துட்டு அறுபது வந்துச்சேன்னு குதிக்கிற ஆளை இப்பத்தாண்டா பாக்கறேன். ஆட்டத்துல தோக்கறது வேற தனி. அந்த அறுபதையாவது வெளியே எடுத்துச் செலவு பண்றியா? எட்டு மாசமா அப்படியே கிடக்கு.”

லெஸ்டர் நாப்கினைப் பார்க்கக்கூட இல்லை. உதவாக்கரைச் சீட்டுகளுக்கெல்லாம் பணம் போட்டுக்கொண்டிருந்தார். நடுவில் பணம் போட்டால்தானே அவர் பெயரில் கமிஷன் பிடிப்பார்கள், புள்ளியும் ஏறும். கார்மைனால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. எழுந்து போய் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து மூடினார். அதன் கதவில் முன்பல் விழுந்த ஒரு சிறுமியின் பழைய படம் ஒட்டியிருந்தது. பழக்கமான இந்த இரண்டு வருஷத்தில் ஒரு தடவை அது யார் என்று கேட்டிருக்கிறார். லெஸ்டர் பேச்சை மாற்றிவிட்டார்.

பதினொன்று ஐம்பத்தேழு. இன்னும் மூன்று புள்ளி. லெஸ்டர் உள்ளங்கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார்.

அப்போது பார்த்து அவருக்கு, கைக்கு வரக்கூடியதிலேயே பெரிய சீட்டான ஜோடி ஏஸ் விழுந்தது.

“பணத்தை ஏத்துடா,” என்றார் கார்மைன்.

“ஏத்தினா எல்லாரும் பயந்து சீட்டைக் கவிழ்த்துடுவாங்க. எல்லாருக்கும் பொதுவான நடுச்சீட்டு விரியலேன்னா கமிஷன் எடுக்க மாட்டான். எனக்குப் புள்ளி வராது.”

ஏற்றவில்லை. குறைந்தபட்சப் பணத்தைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தார். நான்கு பேர் அதே சொற்பச் செலவில் உள்ளே வந்தார்கள். அவர்களில் ஒருவனுக்கு, கையில் வைத்துக்கொள்ளவே கூடாத நாலும் ஏழும் நடுச்சீட்டோடு ஜோடி ஜோடியாகச் சேர்ந்துவிட்டது. ஒரு ஜோடியை இரண்டு ஜோடி அடித்துவிடும். லெஸ்டரின் எண்பது டாலர் அவனிடம் போய்ச் சேர்ந்தது.

கார்மைன் தலையில் கை வைத்துக்கொண்டார். லெஸ்டரோ திரையின் மூலையை மட்டும் பார்த்தார். ஆயிரத்து ஐந்நூற்று இரண்டு. அவருடைய கால் ஆட்டம் அப்போதுதான் நின்றது.

அதோடு விட்டாரா? எழுந்து போய் முகம் கழுவினார். தலை வாரினார். வேறு சட்டை மாற்றிக்கொண்டு வந்து, போனை எதிரில் வைத்து உட்கார்ந்தார். கால் மறுபடி ஆட ஆரம்பித்தது. யார் வரப்போகிறார்கள் என்று கார்மைன் கேட்டதற்கு, யாரும் வரவில்லை, போன் வரும் என்றார்.

பன்னிரண்டே காலுக்கு வந்தது. காது மந்தமாகிவிட்டதால் லெஸ்டர் எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவார்.

“மிஸ்டர் நோவக், வாடிக்கையாளர் சேவையிலேர்ந்து பேசறேன்,” என்றது ஒரு பெண் குரல். “இந்த வாரமும் நீங்க முதல் படியில இருக்கீங்க. அறுபது டாலர் உங்க கணக்குல சேர்ந்தாச்சு. வேற ஏதாவது உதவி வேணுங்களா?”

“ஒண்ணும் வேண்டாம் மேடம்.” லெஸ்டர் போன் பக்கம் குனிந்தார். “குரல் கம்மியிருக்கே. சளி பிடிச்சிருக்கா?”

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

“பரவாயில்லீங்க, மிஸ்டர் நோவக். அடுத்த வாரம் பேசலாம்.”

முழுசாக ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. இணைப்பு போன பிறகும் லெஸ்டர் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். கார்மைனுக்கு இப்போது விஷயம் புரிந்துவிட்டது. விழுந்து விழுந்து சிரித்தார்.

“அப்படிப் போடு. அறுபத்தெட்டு வயசுல ஆபீஸ் பொண்ணு மேல ஆசையா? இதுக்குத்தான் இந்தச் சிங்காரமா? யாருடா அவ?”

லெஸ்டர் குளிர்சாதனப் பெட்டிப் பக்கம் தலையைத் திருப்பினார்.

“என் பொண்ணு. அவ அம்மாவை நான் விட்டுட்டு வந்ததுலேர்ந்து ஒன்பது வருஷமா என் போனை எடுக்கறதில்ல. ஆனா, முதல் படியில இருக்கறவங்களை வாரம் ஒரு தடவை கூப்பிட்டுப் பேசியே ஆகணும், அதான் அவ வேலை.”