இளநீலப் பிடி

"இருக்கறதுலயே எடை குறைஞ்சது எதுங்க? கைப்பையில வெச்சா வெளியே தெரியவே கூடாது."

கடை திறந்ததும் முதல் ஆளாக உள்ளே வந்த அந்த அம்மாளுக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். தன் பெயர் லவெர்ன் என்றும், அடுத்த மாவட்டத்திலிருந்து தானே காரோட்டிக்கொண்டு வந்ததாகவும் சொன்னார்.

கேலன் பிரூட்டுக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. ஓக்லஹோமாவின் அந்தச் சிற்றூரில் அவர் துப்பாக்கிக் கடை வைத்து வெகு காலமாகிறது. மான் வேட்டைக்காரர்கள் வருவார்கள், பேரம் பேசுவார்கள், போவார்கள். அதில் அவருக்கு ருசி இல்லை. முதல்முறை வாங்க வரும் பெண்களுக்குப் பொருத்தமாக ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் கொடுப்பதுதான் அவருக்குப் பெருமை. செருப்புக் கடைக்காரர் காலைப் பார்ப்பதுபோல் அவர் முதலில் கையைத்தான் பார்ப்பார்.

மெலிந்த கை. விரல் முட்டியெல்லாம் லேசாக வீங்கியிருந்தது.

"வீட்டுல தனியா இருக்கீங்களா மேடம்?"

"ஆமா, தனியாத்தான்."

"அப்ப இதைப் பாருங்க. தண்ணி பாட்டிலைவிட எடை கம்மி. சட்டைக்குள்ள செருகிக்கிட்டு மாதா கோயிலுக்கே போகலாம், பாதிரியாருக்குக்கூடத் தெரியாது."

லவெர்ன் சிரிக்கவில்லை. "இளநீலப் பிடி போட்டு ஒண்ணு வருமே, அது இருக்கா?"

"அட, விசாரிச்சுட்டுத்தான் வந்திருக்கீங்க!" கேலன் அதை எடுத்தார். தோட்டா அடைக்கும் மேகசினைக் கழற்றி, உள்ளே தோட்டா இல்லை என்று விரலை விட்டுக் காட்டிவிட்டுக் கொடுத்தார்.

லவெர்ன் அதை இரண்டு கைகளிலும் வாங்கினார். சுடுவதுபோல் நீட்டவில்லை. வெறுமனே பார்த்துக்கொண்டே நின்றார்.

"பயப்படாதீங்க. அந்தச் சுவரைப் பார்த்து ட்ரிகரை இழுங்க."

ஒரு விரலால் இழுத்தார். பாதியிலேயே நின்றது. இரண்டு விரல் போட்டு இழுத்தார். பிறகுதான் 'டிக்' என்றது.

"இவ்வளவு இறுக்கமாவா இருக்கும்?"

"இந்த மாடல் அப்படித்தான். உங்க விரலுக்கு இது வேணாம் மேடம். வெண்ணெய் மாதிரி இழுக்கறது ஒண்ணு தர்றேன்."

"வேணாம். இதைப் பத்தியே சொல்லுங்க. கைப்பைக்குள்ள சாவி, சீப்புன்னு என்னென்னவோ கிடக்கும். ஏதாவது பட்டு வெடிச்சுடாதா?"

"தோட்டா குழலுக்குள்ள ஏறினாத்தானே வெடிக்கறதுக்கு? அதுக்கு, மேல இருக்கற இந்தப் பாகத்தைப் பின்னால இழுத்து விடணும். இழுங்க, பார்ப்போம்."

லவெர்ன் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தார். அசையவில்லை. துப்பாக்கியை வயிற்றோடு அணைத்துப் பிடித்து மறுபடி முயன்றார். நெற்றியில் வியர்வை அரும்பியதுதான் மிச்சம்.

"சங்கடப்படாதீங்க," என்றார் கேலன். "கோடை ஆரம்பத்துல ஒரு பொண்ணு இதையேதான் வாங்கிச்சு. வயசுப் பொண்ணு. அதுவே முகம் சிவக்க சிவக்க இழுத்துது. நான் சொல்லிக் குடுத்து, அரை மணி நேரம் பழகினப்புறம்தான் வந்துது."

"எதுக்கு வாங்கறேன்னு சொன்னாளா?"

"வேலை முடிஞ்சு இருட்டுல வரணும்னுச்சு. விளையாட்டாப் பேசற பொண்ணு. 'கோழி மிதிச்சாக்கூட ஊரே கூடற மாதிரி கத்துவேன், என் கையில துப்பாக்கியா'ன்னு சிரிச்சுது."

லவெர்ன் முகத்தைத் திருப்பி, சுவரில் மாட்டியிருந்த மான் தலையைப் பார்த்தார்.

"தோட்டாவை உள்ளே ஏத்தியே வெச்சிருப்பாளோ?"

"மாட்டவே மாட்டேன்னுச்சு. வீட்டுல சின்னக் குழந்தை இருக்குதாம். தேவைப்பட்டா ஏத்திக்கோம்மா, அதுதான் நல்லதுன்னு நானும் சொன்னேன்."

"அந்தக் குழந்தை எடுத்துட்டா?"

"எடுக்கற மாதிரி வெக்கக் கூடாது. அப்படியே எடுத்தாலும் இதை வெச்சு ஒண்ணும் பண்ண முடியாது மேடம்."

"நிச்சயமாவா?"

கேலனுக்கு லேசாக ரோஷம் வந்தது. "உங்களாலேயே முடியலையே, பால்குடி மறக்காத பிள்ளையால எப்படி முடியும்? முதல்ல இதைப் பின்னால இழுக்கணும். அப்புறம் ட்ரிகரைக் கடைசிவரைக்கும் அழுத்தணும். வளர்ந்த ஆள் கை இல்லாம இது வெடிக்காது."

"இதை வேற இடத்துல கேட்டாலும் சொல்லுவீங்களா?"

"கோர்ட்ல நிறுத்திக் கேட்டாலும் பைபிள் மேல கை வெச்சுச் சொல்லுவேன்."

லவெர்ன் துப்பாக்கியைக் கண்ணாடி மேஜைமேல் மெதுவாக வைத்தார். அவ்வளவு நேரம் இறுகியிருந்த அவருடைய தோள்கள் தளர்ந்தன.

"சரி, இது வேணாம். அந்த இன்னொண்ணை எடுக்கட்டுமா?" என்று கேலன் அலமாரிப் பக்கம் திரும்பினார்.

"எனக்குத் துப்பாக்கியே வேணாங்க. நீங்க என்கூட ஷெரிஃப் ஆபீசுக்கு வந்தாப் போதும்."

கேலன் புரியாமல் விழித்தார்.

"நீங்க சொன்ன அந்தப் பொண்ணு எம் மக. போன வாரம் அடக்கம் பண்ணினோம்."

கேலனின் கை மேஜை விளிம்பை இறுகப் பற்றியது. "ஐயோ... என்ன ஆச்சு?"

"ரெண்டு வயசுப் பேரன் அவ கைப்பையில இருந்து எடுத்துச் சுட்டுட்டான்னு என் மருமகன் போலீஸ்ல சொல்லியிருக்கான். அந்த நேரத்துல வீட்டுல அவனைத் தவிர வேற பெரியவங்க யாரும் இல்லை."